ஓர் ஏரியின் இடத்தைச் சொன்னதும், பிறகு சொல்லாமல் காத்ததும்: டோங்காட் அருகே ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்தில், டர்பனுக்கு வடக்கே, டோங்காட் நகரைச் சுற்றியுள்ள கரும்பு நிலங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நீர்நிலையை எங்கள் சிறு பறவை நோக்கும் குழு 2022ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பார்த்தது. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளில் அங்கே நடந்ததை, இதேபோன்ற இடம் கிடைக்கப்பெறும் பிற குழுக்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும், ஏரி இருக்கும் சரியான இடத்தையும் குறிப்பிடவில்லை. இடத்தை ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் பொருளும்கூட.

குழுவில் அப்போது ஒன்பது பேர் இருந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கும் மூவர், வகுப்பின் மூத்த மாணவர்கள் நால்வர், கோயில் வழியாகப் பழக்கமான இரு பெரியவர்கள். உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்கும் டர்பனின் பிஜன் வேலி காட்டுக்கும் மாதம் ஒருமுறை போய்வருவோம். பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளைகள் நூலிலிருந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா என்ற தமிழ்ப் பெயர்களையும் அவர்கள் வாயில் பழக்க வேண்டும் என்பது எங்கள் ஆசையாக இருந்தது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த பெருமழையில் இம்மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமடைந்ததால் ஊரில் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரியில் வரும் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் எல்லாரும் வேறு வழி தேடிக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், எங்கள் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் வாளிகளோடு தரிசாகக் கிடந்த ஒரு கரும்பு நிலத்தைக் கடந்து போயிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம், "அண்ணா, பழைய டேம் ஒன்னு இருக்கு. தண்ணி எடுக்கப் போனா வாத்து கூட்டம் கூட்டமா எழும்புது" என்றார். எங்களுக்கு ஏரி கிடைத்தது இப்படித்தான். மண்ணணை கட்டித் தேக்கிய நீர் என்பதால் ஊரார் அதை டேம் என்பார்கள். இங்கே நான் ஏரி என்று எழுதுகிறேன்.

முதல் வருகைகளில் கண்டவை

ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை ஐந்து பேர் போனோம். ஏரி சிறியது, கரையைச் சுற்றி வர முக்கால் மணி நேரம் போதும். தெற்குக் கரையில் ஒரு மாமரமும் நான்கைந்து கறிவேப்பிலை மரங்களும் நிற்கின்றன. இந்த மாநிலத்தில் யாரும் இல்லாத வெளியில் மாவும் கறிவேப்பிலையும் சேர்ந்து நின்றால், அங்கே ஒருகாலத்தில் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் (வரிசை வீடுகள்) இருந்தன என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மாமரத்தடியே எங்கள் நோக்குமிடமாயிற்று.

வடக்குப் பக்கம் முழுவதும் நாணலும் சம்பும் அடர்ந்திருந்தன. கிழக்கு மூலையில் நீலாம்பல் இலைகள் நீரை மூடிக் கிடந்தன. நம் ஊரில் நீலாம்பல் என்று நாம் சொல்லும் அதே இனத்தின் ஆப்பிரிக்க வகையே இங்கும் இயற்கையாக வளர்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அன்று மஞ்சள் அலகு வாத்து, வெண்முகச் சீழ்க்கைச் சிறகி, நெற்றியில் சிவப்பு முடிச்சுள்ள நாமக்கோழி, முக்குளிப்பான், செந்நாரை, கறுப்புவெள்ளை மீன்கொத்தி, ஒரு சோடி மீன்கழுகு ஆகியவற்றைப் பதிந்தோம். ஆம்பல் இலைகளின்மேல் ஆப்பிரிக்க இலைக்கோழிகள் நான்கு நடந்துகொண்டிருந்தன.

நீரில் இறங்கக் கூடாது என்று முதல் நாளே விதி செய்தோம். இம்மாநிலத்தின் நன்னீரில், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் உண்டு. நீர்மட்டத்தை அறிய, கரையோரம் அளவுக் கோடிட்ட ஒரு கம்பை நட்டோம். இவ்விரண்டும் சரியான செயல்கள். செய்யத் தவறியது ஒன்று. அந்த நிலம் யாருடையது என்று விசாரிக்கவில்லை. வேலி அறுந்து, கரும்பு வளராமல் புல் மண்டியிருந்ததால், கைவிடப்பட்ட நிலம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

கூடு

அக்டோபர் 29 அன்று ஆம்பல் இலைகளின் நடுவே, ஈரத் தண்டுகளைக் குவித்தது போன்ற ஒரு மிதக்கும் மேடையில் பழுப்பு நிறத்தில் ஒரு முட்டையைத் தொலைநோக்கி வழியாகக் கண்டோம். பளபளக்கும் அந்த ஓட்டின்மேல் கறுப்பு மையால் கிறுக்கியது போன்ற கோடுகள் இருந்தன. நவம்பர் 5 அன்று நான்கு முட்டைகள் இருந்தன; இலைக்கோழி வழக்கமாக இடும் எண்ணிக்கையே அது.

இந்தப் பறவையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது அதன் வாழ்க்கை முறையோடு தொடர்புடையது. பெண் பறவை உருவில் பெரியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணையும். முட்டையிட்ட பிறகு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண் பறவை மட்டுமே. ஆகவே அந்த ஒரு பறவை கூட்டை விட்டு விரட்டப்பட்டால், அதன் இடத்தில் வந்து உட்கார வேறு பறவை இல்லை. அடைகாப்புக் காலம் மூன்று வாரங்களுக்கு மேல், நான்கு வாரங்களுக்குச் சற்றுக் குறைவு. ஆபத்து வந்தால் தந்தை குஞ்சுகளை இறக்கைகளுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். அப்போது குஞ்சுகளின் நீண்ட கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

படம் வெளியான பின்

நவம்பர் 12 அன்று, மாணவி ஒருவர் மாமரத்தடியிலிருந்தே, கூட்டை நெருங்காமல், முட்டைகளோடு ஆண் பறவை நிற்கும் மிக அழகான ஒரு படத்தை எடுத்தார். அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று என்னிடம் கேட்டார். போடலாம் என்றேன். இடக்குறியைச் சேர்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை. சேர்க்காதே என்று நானும் சொல்லவில்லை. அன்று மாலை படமும் இடக்குறியும் ஒன்றாகப் போயின. வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் நல்ல செய்தி குறைவாக இருந்த காலம் அது. படம் ஒரே இரவில் வேறு பல குழுக்களுக்கும் பரவியது.

மறுநாள் ஞாயிறு காலையே மூன்று கார்கள் வந்ததாகப் பின்னர் அறிந்தோம். நவம்பர் 19 அன்று நாங்கள் போனபோது அறுந்த வேலி அருகே பதினான்கு வண்டிகள் நின்றன. அவற்றில் நான்கு, பக்கி என்று இங்கே சொல்லும் பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டிகள், இறைச்சி சுடும் அடுப்புகளோடு. வந்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். குடும்பமாக வந்து, குழந்தைகளுக்கு மீன்கழுகைக் காட்டி மகிழ்ந்தார்கள். ஒருவர் நாணலுக்குள் மறைந்திருக்கும் கறுப்புக் கானாங்கோழியை வெளியே வரவழைக்க, அதன் குரலைக் கைப்பேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார். இருவர் காற்றடைத்த படகை இறக்கி, படம் எடுப்பதற்காக ஆம்பல் பகுதியை நோக்கித் துடுப்பு வலித்தார்கள். நாங்கள் கரையிலிருந்து கூப்பிட்டும் அவர்கள் திரும்ப நேரமாயிற்று.

அன்று காலை ஏழு மணிக்கு நான்கு முட்டைகளும் இருந்ததை நான் கண்டேன். பத்தரை மணிக்கு ஆண் பறவை கூட்டை விட்டுப் பறந்தது. பகல் ஒன்று வரை, அதாவது வெயில் உச்சத்தில் இருந்த இரண்டரை மணி நேரமும், அது மேற்குக் கரையிலேயே கத்திக்கொண்டு நின்றது. நவம்பர் 21, திங்கள் மாலை எங்கள் உறுப்பினர் ஒருவர் தனியாகப் போய்ப் பார்த்தபோது மேடை காலியாக இருந்தது.

ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்த விதம்

அந்த வாரம் எங்களுக்குள் கோபமான பேச்சுகள் நடந்தன. படகில் போனவர்களைக் குற்றம் சொல்வது எளிது என்பதால், குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் போயிருக்கலாமா? அக்டோபர் 29 அன்று ஒரே முட்டை இருந்தது. நாளுக்கொன்றாக இட்டிருந்தாலும் நவம்பர் 1க்கு முன் நான்கும் நிறைந்திருக்க முடியாது. அதிலிருந்து எண்ணினால் நவம்பர் 21 என்பது பொரிப்பதற்குச் சில நாள் முந்தியது. ஆகவே அது அல்ல. நீர்மட்டம் உயர்ந்து கூடு முழுகியிருக்கலாமா? நவம்பர் 12க்கும் 19க்கும் இடையில் மழையால் நீர் நான்கு விரல் உயர்ந்திருந்தது. ஆனால் 19 காலையில் முட்டைகள் உலர்ந்தே இருந்தன, 19க்கும் 21க்கும் இடையில் கம்பின் அளவு மாறவில்லை. நட்டுவைத்த அந்தக் கம்பு இல்லாதிருந்தால், மழையின் மேல் பழியைப் போட்டு நாங்கள் ஆறுதல் அடைந்திருப்போம்.

மிஞ்சியது உடும்பு. இங்குள்ள நீர் உடும்பு நன்றாக நீந்தும், முட்டைகளை விரும்பித் தின்னும். கிழக்குக் கரையில் அதைப் பலமுறை கண்டிருக்கிறோம். முட்டைகளை உடும்பே எடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் தந்தைப் பறவை அருகில் இருந்தவரை மூன்று வாரமாக எடுக்காத உடும்பு, மனிதர்கள் வந்துபோன அந்த இரண்டு நாளில் எடுத்தது. வெயிலில் முட்டைகள் ஏற்கெனவே கெட்டு, பறவையே அவற்றைக் கைவிட்டிருக்கவும் கூடும். எப்படிப் பார்த்தாலும், பறவையைக் கூட்டிலிருந்து நீங்கச் செய்த நிகழ்ச்சிகளின் தொடக்கம் நான் அனுமதித்த அந்தப் படம்தான். இதை டிசம்பர் 3 கூட்டத்தில் எழுத்தில் பதிந்தோம். மாணவிமேல் எந்தக் குறையும் எழுதவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, நாங்களே நான்கு வாரங்கள் அங்கே போகாமல் இருப்பது. பிறரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் போவது நியாயமாகாது. படத்தையும் இடக்குறியையும் நீக்கும்படி ஒவ்வொரு குழுவின் பொறுப்பாளரையும் நேரில் பார்த்துக் கேட்டோம். பெரும்பாலோர் உடனே நீக்கினார்கள்.

இரண்டாவது, நிலத்தின் உரிமையாளரைத் தேடிப் போனது. நிலம் கைவிடப்பட்டதல்ல. கரும்பு விலை கட்டாததால் சில பகுதிகளைத் தரிசாக விட்டிருந்த ஒரு விவசாயக் குடும்பம் அதை வைத்திருந்தது. அனுமதியின்றி நுழைந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டோம். பறவைகளைப் பற்றி உரிமையாளருக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை; யாராவது பிள்ளை மூழ்கி இறந்தால் பழி தன்மேல் விழும் என்பதே அவருடைய பயம். அந்தப் பயத்தினால் அணையை வெட்டி நீரை வடித்துவிடலாமா என்றுகூட அந்த வாரம் யோசித்ததாகச் சொன்னார். இதைக் கேட்டபோது, ஒரு கூட்டை மட்டுமல்ல, ஏரியையே இழக்கும் நிலைக்கு வந்திருந்தோம் என்பது புரிந்தது. நீண்ட பேச்சுக்குப் பின் எழுத்தில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று: சனிக்கிழமை காலை மட்டும், எட்டுப் பேருக்கு மேற்படாமல், ஒரே வாயில் வழியாக, பெயரெழுதிவிட்டு நுழைய வேண்டும், படகு கூடாது, வேலியைச் செப்பனிடும் வேலையில் நாங்கள் பங்கேற்க வேண்டும்.

அந்த வேலி வேலையின்போதுதான் மேற்கே குடியிருக்கும் ஒரு சூலு குடும்பத்தோடு பழக்கமானது. கோகோ என்று எல்லாரும் அழைக்கும் அந்தப் பாட்டியம்மா சிறு வயதிலிருந்தே அங்கே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர். கோடையில் (இங்கே டிசம்பர், ஜனவரியை ஒட்டிய மாதங்கள்) நாணலில் சாயுங்காலம் தகைவிலான்கள் இறங்குவதை, அவற்றின் சூலுப் பெயரான இன்கொஞ்சானே என்ற சொல்லால் அவரே எங்களுக்குச் சொன்னார். நாங்கள் "புதிதாகக் கண்டுபிடித்த ஏரி" என்று எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த தலைப்பை அன்றே அடித்தோம்.

மூன்றாவது முடிவில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. எங்கள் பதிவுகளை யாரிடம், எவ்வளவு துல்லியமாகக் கொடுப்பது? ஒன்றும் கொடுக்கவே வேண்டாம் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அதை மறுத்துப் பேசியவர், படம் எடுத்த அதே மாணவி. "யாருக்கும் தெரியாத ஏரிய யார் வேணும்னாலும் மூடிடலாம், சார்" என்றார். அவர் சொன்னதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று இருந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மவுண்ட் மோர்லேண்டு நாணற்காட்டில், ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான்கள் முப்பது லட்சத்துக்கு மேல் தங்கியதாக மதிப்பிடப்பட்டது. 2010இல் திறக்கப்பட்ட கிங் ஷாகா விமான நிலையத்தைத் திட்டமிட்டபோது அந்த நாணற்காட்டின் நிலை கேள்விக்குள்ளானது. அங்குள்ள மக்கள் அதை அறிந்து, எண்ணி, உரக்கச் சொன்னதால்தான் பறவைக் கூட்டத்தின் நகர்வை ரேடார் வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. அங்கே சொன்னது காத்தது. இங்கே சொன்னது கெடுத்தது. இரண்டையும் ஒரே விதியில் அடக்க முடியாது என்று பட்டது.

கடைசியில் பதிவு முறைகளின் வேறுபாடே வழிகாட்டியது. தென் ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தின் 2007இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில், நிலப்பரப்பு பென்டாட் என்ற கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர். குறைந்தது இரண்டு மணி நேரம் பார்த்து, இனங்களைக் கண்ட வரிசையிலேயே எழுதிக் கொடுத்தால், பட்டியல் அந்தக் கட்டத்தின் பெயரில் சேரும். இலைக்கோழி அந்தப் பகுதியில் உண்டு என்பது ஆய்வாளருக்குத் தெரியும். எந்த இலையின்மேல் என்பது தெரியாது. ஆகவே அதற்கு உடனே கொடுக்கத் தொடங்கினோம். 1992இலிருந்து நடந்துவரும் ஒருங்கிணைந்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கோ ஒவ்வொரு நீர்நிலையையும் பெயரோடும் இடத்தோடும் பதிய வேண்டும். எண்ணிக்கையின் மாற்றத்தை அறிய அதுவே சிறந்த முறை; எனினும் உரிமையாளர் சம்மதிக்கும் வரை அதில் சேர்வதில்லை என்று வைத்தோம். எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை. கோடைக் கணக்கெடுப்பை, தைப்பூசத்துக்கு முந்திய விரத நாள்கள் என்றும் பாராமல், 2023 ஜனவரி 28 அன்று அதே முறைப்படி எடுத்து எங்களிடமே வைத்துக்கொண்டோம்.

தொடர்ந்தவை

உடன்பாட்டுக்குப் பிறகும் இரண்டு மாதம் வரை புதியவர்கள் வந்தார்கள். வேலி சீரானதும், வருபவர்களிடம் கோகோ வீட்டுப் பேரப்பிள்ளைகள் பணிவாகப் பேசித் திருப்பியதும் மெல்ல மெல்ல அதை நிறுத்தின. எட்டுப் பேர் வரம்பால் குழுவில் எல்லாரும் ஒன்றாகப் போக முடியாமல் போனது. மூத்த உறுப்பினர் ஒருவர், பதிவுகளைக் கொடுத்தது பிடிக்காமல் விலகினார். அவரை இழந்தது எங்களுக்குப் பெரிய குறை. நாணலுக்குள் கேட்கும் குரலைக் கொண்டே இனத்தைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

2023 கோடையில் இலைக்கோழி மீண்டும் கூடு வைத்தது, இம்முறை வடமேற்கில், மாமரத்தடியிலிருந்து பாதிதான் தெரியும் இடத்தில். நாங்கள் நெருங்கவில்லை. டிசம்பர் 9 அன்று ஆண் பறவை ஒன்று குந்தி இறக்கைகளைச் சற்றே விரிக்க, மூன்று குஞ்சுகள் ஓடிவந்து அடியில் புகுந்தன. அது எழுந்து நடந்தபோது ஆறு கால்கள் தொங்கின. மாணவி அதைப் படம் எடுத்தார். அந்தப் படம் வகுப்பறைச் சுவரில் மட்டும் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் ஓர் ஏரி கிடைத்தால், பறவைகளைப் பார்க்கும் முன் அந்த நிலத்தின் மனிதர்களைப் பார்ப்போம். உரிமையாளரிடம் நாங்கள் ஆகஸ்டிலேயே போயிருந்தால், நவம்பர் 19 அன்று வந்தவர்களைத் தடுத்துச் சொல்ல எங்களுக்கு ஓர் உரிமை இருந்திருக்கும். அன்று நாங்களும் அவர்களைப் போலவே அத்துமீறி நுழைந்தவர்கள்.

படம் எதையும் இனப்பெருக்கக் காலம் முடியும் வரை வெளியிடுவதில்லை. வெளியிடும்போது கைப்பேசியின் இடப்பதிவு நீக்கப்பட்டுள்ளதா என்று இருவர் பார்ப்பார்கள். கூடு இருக்கும் காலத்தில் வாரந்தோறும் போனதும் அதிகம் என்றே இப்போது நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதை எங்கள் குழுவில் முற்றாக விட்டுவிட்டோம்.

தகைவிலான்கள் பற்றிய கேள்வி தீரவில்லை. 2024 பிப்ரவரியில் அவை மாலையில் நாணலில் இறங்குவதை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தோம். வானம் கறுத்து, ஒரு கால் மணி நேரத்துக்குள் அவ்வளவும் நாணலுக்குள் அடங்கின. எண்ணிக்கையைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அதற்கடுத்த மாதம் உரிமையாளர், நிலத்தின் ஒரு பகுதியை வீட்டுமனைகளுக்கு விற்கும் பேச்சு நடப்பதை அவராகவே எங்களிடம் சொன்னார். மாணவி முன்பு சொன்னதை அன்று குழுவில் எல்லாரும் நினைத்தோம். ஏரியைப் பெயரோடு பதிய உரிமையாளரின் சம்மதம் கேட்டோம். தன் வீட்டாரோடு பேசிவிட்டு, ஏப்ரலில் தந்தார். ஜூலையில் எடுத்த குளிர்காலக் கணக்கெடுப்பே நாங்கள் அனுப்பிய முதல் பதிவு. அதோடு 2022 ஆகஸ்டிலிருந்து உள்ள குறிப்பேடுகளின் படிகளையும் உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறோம். மனை வாங்க வருபவர்களுக்கும் நகராட்சியின் திட்டப் பிரிவுக்கும் அவற்றைக் காட்டுவதாக அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த எண்ணிக்கை, தைப்பூசம் கழிந்த சனிக்கிழமையில்.